யாழ்ப்பாணத்து மணவீட்டு இசை: மேளம் முதல் டீ.ஜே. வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று ஒரு திருமணம் நிச்சயிக்கப்பட்டதும் மண்டபம், சமையல், மணவறைச் சோடனை, ஒளிப்படம் என்பவற்றோடு சேர்த்துப் பேசப்படும் விடயங்களுள் டீ.ஜே. என்பதும் ஒன்றாகிவிட்டது. தாலிகட்டு நிறைவெய்திய பின்னர் நடைபெறும் வரவேற்பு வைபவத்திலே பாடல்களைத் தெரிந்தெடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, பெரும் ஒலிபெருக்கிகளினூடாக வழங்குபவரையே இச்சொல் குறிக்கின்றது. அவரைத் தெரிவுசெய்யும்போது பெரும்பாலும் கேட்கப்படுவன மூன்று வினாக்களே: கட்டணம் எவ்வளவு? ஒலிபெருக்கிகள் எத்தனை? ஒளியமைப்பும் உண்டா? இவற்றுள் ஒன்றேனும் இசை பற்றியதன்று.

இது குறித்து எழும் விவாதங்களும் இரு முனைகளிலே நின்றுவிடுகின்றன. பண்பாடு சீரழிகின்றது என்பது ஒரு சாராரின் கூற்று. காலத்துக்கேற்ற மகிழ்ச்சி என்பது மறுசாராரின் விடை. டீ.ஜே. வேண்டுமா வேண்டாமா என்ற வினாவைத் தாண்டி, நல்ல டீ.ஜே. யார், அவரை எவ்வளவுகோல் கொண்டு அறிவது என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை. மரபுவழி இசைக்கு அளவுகோல் உண்டு, இதற்கு ஏது என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயின், மணவீட்டில் இசை வழங்குபவனை மதிப்பிடுவதற்கான அளவுகோல்கள் தமிழ் மரபிலும் யாழ்ப்பாண வாழ்விலும் ஏலவே இருந்துள்ளன. அவற்றை இப்புதிய கலைஞனுக்குப் பொருத்திப் பார்ப்பதே முறையான விமரிசனமாகும்.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடல் கோவலன் - கண்ணகி திருமணத்தை முரசும் மத்தளமும் சங்கும் ஒலிக்கக் காட்டுகின்றது. தமிழர் மணவிழா ஓசையற்றதாக என்றும் இருந்ததில்லை என்பதற்கு இதுவே சான்று. இதனினும் முக்கியமானது அரங்கேற்று காதையிற் கூறப்படும் ஆசிரியர் இலக்கணம். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் உரிய தகைமையை இளங்கோவடிகள் வகுத்துரைக்கின்றார். அவற்றுள் தண்ணுமையாசிரியனுக்குக் கூறப்படும் தகைமை சிறப்பாக நோக்கத்தக்கது. ஏனைய கருவிகளின் ஓசை குறைந்த இடத்தை நிரப்பவும், மிகுந்த இடத்தை அடக்கவும், எதனையும் அளவுக்கு மீறாமற் செய்யவும் வல்லவனாக அவன் இருத்தல் வேண்டும். ஓங்கி ஒலிக்கக்கூடிய கருவியைக் கையிற் கொண்டவனுக்கே அடக்கம் இலக்கணமாக விதிக்கப்பட்டுள்ளது.

இவ்விலக்கணத்தின் வாழும் வடிவத்தை யாழ்ப்பாணத்தின் நாதஸ்வர - தவில் மரபிற் காணலாம். இணுவில், அளவெட்டி முதலிய ஊர்கள் இம்மரபினாற் புகழ்பெற்றவை. இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டு வித்துவான்களும் வியந்து போற்றிய கலைஞர். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம் நல்லூர்த் திருவிழாக்களோடு இணைத்து நினைக்கப்படுவது. கோயில் வீதியில் விரிவாக இராகம் வாசித்த இத்தகைய மரபினரே மணவீட்டிலும் வாசித்தனர். ஆயின் மணவீட்டில் அவர்களது பணி வேறானது. பொன்னுருக்கல், மாப்பிள்ளை அழைப்பு, கூறை கொடுத்தல், தாலிகட்டு, அம்மி மிதித்தல், அறுகரிசி இடுதல் எனச் சடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். அவற்றின் போக்கறிந்து நீட்டவும் குறுக்கவும் நிறுத்தவும் வேண்டும். குருக்கள் மந்திரம் ஓதுகையில் மேளம் தணியும். அவரது சைகை கிடைத்ததும் எழும். வித்துவானின் கண் வாத்தியத்தின் மீதன்றி மணவறையின் மீதே இருக்கும்.

இவ்விடத்திற் கெட்டிமேளம் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். இன்றைய இசையின் பேரோசையைக் குறைகூறுவோர் அன்றைய இசை மென்மையானது என்று கருதிக்கொள்வதுண்டு. அது உண்மையன்று. நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்குரிய கருவிகள். அடைத்த மண்டபத்தில் அவற்றின் ஒலி காதை நிறைப்பது. தாலி கட்டும் வேளையிலே அவ்வொலி உச்சத்தை அடைகின்றது. தும்மல், அழுகை, அபசகுனச் சொல் எதுவும் அவ்வேளையிற் காதில் விழலாகாது என்பதே அதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். ஆயின் மூன்று முடிச்சு விழுந்ததும் மேளம் தணிகின்றது. உறவினர் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குகின்றனர். அங்கு பேரோசை இருந்தது. அதற்கு ஒரு தருணமும் ஒரு பொருளும் இருந்தன. மேளத்துக்கும் இன்றைய ஒலிபெருக்கிக்கும் உள்ள வேறுபாட்டை ஓசையின் அளவிலன்றி, அவ்வோசை எப்போது எழுகின்றது, எப்போது ஓய்கின்றது என்பதிலேயே தேடுதல் வேண்டும்.

எனினும், அக்காலத்தைக் குறையற்ற பொற்காலமாகக் காட்டுதல் வரலாற்றுக்கு முரணாகும். மேளக்காரர் என்ற சொல்லிற் கலைஞனின் பெருமையும் சாதியின் சிறுமைப்படுத்தலும் ஒருங்கே கலந்திருந்தன. கோயில் வீதியில் விடியும்வரை வாசித்தவனைப் போற்றிய சமூகம், பந்தியில் அவனைச் சமமாக இருத்தத் தயங்கியது. யாருடைய வீட்டுக் கொண்டாட்டத்தில் எவ்வாத்தியம் ஒலிக்கலாம் என்பதும் சாதிக் கட்டுப்பாட்டுள் அடங்கியிருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1966ஆம் ஆண்டில் எழுச்சி பெற்ற தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களும் தேவைப்பட்ட சமூகம் அது என்பதை மறத்தலாகாது.

இப்பின்னணியில் நோக்கும்போதே ஒலிபெருக்கியின் வருகை பெறும் சமூக முக்கியத்துவம் புலப்படும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரக்கிளையிலும் கமுக மரத்திலும் கட்டப்பட்ட புனல் வடிவ ஒலிபெருக்கி, இன்னவூரில் இன்னவீட்டிற் கலியாணம் என்பதைச் சுற்றுவட்டாரத்துக்கு அறிவித்தது. இசைத்தட்டுக்குச் சாதி இல்லை. வாடகை கொடுக்கக்கூடிய எவர் வீட்டிலும் அது பாடும். வித்துவானை அழைக்க வசதியோ உரிமையோ அற்றிருந்தவன் வீட்டு முற்றத்திலும் அதே குரல்கள் ஒலித்தன. ஊரின் அமைதியைக் குலைத்தது என்று அதன்மீது சாட்டப்படும் குற்றத்தோடு இந்த நன்மையும் சேர்த்தே எண்ணப்படுதல் வேண்டும்.

ஒலிபெருக்கிக்காரனும் ஒருவகைத் தேர்வாளனே. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடங்களே ஒலிக்கும். அதற்குள் அடுத்த தட்டை அவன் தெரிந்துகொள்ள வேண்டும். பக்திப் பாடலோடு தொடங்கி, மணமக்கள் வரும் வேளைக்கும் பந்தி வேளைக்கும் ஏற்றவற்றை இட்டு, சோகப் பாடலை மணவீட்டில் தவிர்த்து அவன் நடத்திய ஒழுங்கு எழுதப்படாத ஒரு கலையாகும். இக்கலையை நாடு முழுவதற்கும் உரியதாக வளர்த்தது இலங்கை வானொலி. 1950ஆம் ஆண்டில் அதன் வர்த்தக சேவை தொடங்கிய பின்னர், எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்கள் தாம் பாடாத பாடல்களாற் புகழ்பெற்றனர். எப்பாடலுக்குப் பின் எப்பாடல், இடையில் எத்தனை சொற்கள், எவ்விடத்தில் மௌனம் என்ற தெரிவே அவர்களது ஆற்றல். டிஸ்க் ஜொக்கி என ஆங்கிலத்தில் வழங்கும் தொழில் வானொலியிற் பிறந்ததே என்பதை நினைவுகூரின், டீ.ஜே. என்பவர் யாழ்ப்பாணத்துக்கு முற்றிலும் அந்நியர் அல்லர் என்பது தெளிவாகும். பெயர் புதிது, பணி பழையது.

இத்தொழில் ஆடரங்குக்கு ஏற்றதொரு தனிக்கலையாக வளர்ந்த வரலாற்றில் 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆம் திகதி நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில் நடந்த விருந்தொன்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. யமேக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹேர்க் என்னும் இளைஞர் தம் தங்கை ஒழுங்குசெய்த அவ்விருந்தில் இசை வழங்கினார். பாடலின் இடையே வரும் தாளப் பகுதிக்காகவே ஆடுவோர் காத்திருப்பதை அவர் அவதானித்தார்; ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாறிமாறி ஓடவிட்டு அப்பகுதியை நீட்டும் முறையை வளர்த்தார். இம்முறை பிறந்தது கருவியின் நுட்பத்தினால் மட்டுமன்று; அவையைக் கூர்ந்து நோக்கியதனாலுமாகும். திருவள்ளுவர் அவையறிதல் என்று தனி அதிகாரம் வகுத்த தகைமையும், மணவறைமீது கண்வைத்த நாதஸ்வரக்காரரின் தகைமையும் இதுவே. இன்றைய டீ.ஜே. காதொலிப்பானில் அடுத்த பாடலைத் தான் முதலிற் கேட்டு, ஓடும் பாடலின் காலத்தோடு அதன் காலத்தைப் பொருத்தி, பின்னரே அவைக்கு வழங்குகின்றார். காலப்பிரமாணம் பிசகாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இவ்வாற்றல் தவிற்கலையை அறிந்த யாழ்ப்பாணத்தவருக்கு விளங்காத பொருளன்று.

ஆயின், ஒலிபெருக்கிக்காரனுக்கும் இன்றைய டீ.ஜே.க்கும் இடையே யாழ்ப்பாணத்தில் ஒரு பெரும் இடைவெளி உண்டு. 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் குடாநாட்டுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்கலங்களுக்கும் எரிபொருளுக்கும் தடை இருந்த அவ்வாண்டுகளில் மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியும் பாட்டும் கேட்டனர். பாட்டுக் கேட்பதற்கு ஒருவர் மிதிக்க வேண்டியிருந்த காலம் அது. வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் வெறிதாயின. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஒரு தெருவில் வாழ்ந்தோர் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் எனப் பல நகரங்களுக்குச் சிதறினர். 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிவடைந்த பின்னர் அவர்கள் விடுமுறைகளில் வரத் தொடங்கினர். பிள்ளைகளின் திருமணத்தைப் பிறந்த மண்ணிலே நடத்தவும் சிலர் விரும்பினர். புலம்பெயர் நகரங்களின் மண்டபங்களில் வளர்ந்த டீ.ஜே. வழக்கம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியதில் இவ்வருகைக்கும் பங்குண்டு.

எனவே, யாழ்ப்பாணத்து மணவிழா இன்று இரு குடும்பங்கள் இணையும் இடம் மட்டுமன்று. இருபது முப்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் காணாத உடன்பிறந்தாரும் அயலாரும் பள்ளித் தோழரும் ஒரு கூரையின்கீழ் அமரும் இடமும் அதுவே. அச்சந்திப்புக்கு வேறு மேடை இல்லை. சிலர் இரு வாரங்களுக்கே வந்தவர்கள்; வேறு சிலர் மறுமுறை காண்போம் என உறுதிகூற முடியாத வயதினர். இவர்கள் பேச வந்தவர்கள். டீ.ஜே. பற்றிய விமரிசனம் இவ்வுண்மையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

டீ.ஜே. மீது பொதுவாகச் சாட்டப்படும் குற்றங்களுள் முதலாவது, அது அந்நியம் என்பது. இது நிலைபெறும் வாதமன்று. ஐரோப்பாவில் உருவான வயலின் இன்று கருநாடக இசையின் தவிர்க்கவியலாத கருவியாகி நிற்கின்றது. இரண்டாவது, திரைப்பாடல் மலிந்துவிட்டது என்பது. திரைப்பாடல் ஒலிபெருக்கிக் காலத்திலேயே மணவீட்டுக்குள் வந்துவிட்டது. நேயர் கேட்கும் திரைமெட்டை நாதஸ்வரக்காரரும் வாசித்துள்ளனர். மூன்றாவது, ஆட்டம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்பது. கோயில்களில் நடந்த சதிராட்டத்தை ஆறுமுக நாவலர் (1822–1879) கண்டித்த காலந்தொட்டு, கேளிக்கையின் எல்லை பற்றிய சர்ச்சை யாழ்ப்பாணத்தில் ஓய்ந்ததில்லை. ஒரு தலைமுறை கண்டித்ததை இன்னொரு தலைமுறை மரபாகப் பேணியமையும் உண்டு. இம்மூன்று குற்றச்சாட்டுகளும் டீ.ஜே.யின் கலையைத் தொடாமலே அவரை விலக்குவன.

உண்மையான குறைகள் வேறு. அவற்றுள் முதன்மையானது இடையறாப் பேரோசை. இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் அளவினது. ஒவ்வொரு 10 டெசிபலும் ஒலியின் ஆற்றலைப் பத்து மடங்காக்குவது. 100 டெசிபலில் ஒலிக்கும் இசை உரையாடலைவிடப் பதினாயிரம் மடங்கு ஆற்றலுடையது. கேளிக்கை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வரையறுத்தது. அது செவியைக் காப்பதற்கான உச்சவரம்பேயன்றிப் பேசுவதற்கேற்ற அளவன்று. அவ்வரம்புக்கு உட்பட்டு நின்றாலும் அருகிலிருப்பவரின் காதில் வாய்வைத்தே பேச வேண்டியிருக்கும். கெட்டிமேளத்தின் சில நிமிட உச்சத்தை நான்கு மணிநேரத்துக்கு நீட்டினால் அது உச்சமாகாது; வெறும் சுவராகும். அச்சுவரின் இருபுறமும் உறவினர் ஊமையராய் அமர்ந்து, உண்டு, ஒளிப்படம் எடுத்துக் கலைகின்றனர். அயலவர் நிலையும் கருதத்தக்கது. இரவு 10 மணிமுதற் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என இலங்கையின் உயர் நீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் ஆணையிட்டது. விசேட வைபவங்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட நேரம் வழங்குவதாயினும் அயலவரின் கருத்தை அறிதல் வேண்டும் என்றது.

இரண்டாவது குறை, முன்கூட்டியே கோத்த பாடல் வரிசையை எவ்வவைக்கும் மாற்றமின்றி ஓட்டுதல். அவ்வாறு செய்பவர் அவையை நோக்குவதில்லை. அவருடைய இடத்தில் ஒரு பொறியை வைத்துவிடலாம். மூன்றாவது, மேளத்துக்கும் டீ.ஜே.க்கும் ஒரே மண்டபத்தில் இடமளிக்கும்போது நிகழ்வது. நாதஸ்வரத்தைச் சடங்குக்குரிய அடையாளமாகச் சுருக்கி, தாலி ஏறியதும் அதன் வாயை அடைத்துவிடும் வழக்கம் வளருமாயின், தலைமுறைகள் பயின்ற கலையொன்று ஒளிப்படத்துக்கான பின்னணியாகிவிடும். 1960ஆம் ஆண்டில் மருதனார்மடத்தில் தோன்றி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் போன்ற நிறுவனங்கள் இசையைப் பயிற்றலாம். கேட்கும் அவையை மணவீடும் கோயிலுமே தரவேண்டும்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், தெரிவுக்குரிய அளவுகோல்கள் தாமே புலப்படும். முதலாவதாக, டீ.ஜே. ஒருவரை அவர் அனுப்பும் சிறு ஒலி, ஒளிப் பதிவுகளைக் கொண்டு மதிப்பிடலாகாது; உச்சக் கணங்களை மட்டும் வெட்டி ஒட்டிய பதிவு இடைப்பட்ட மணித்தியாலங்களை மறைத்துவிடும். அவர் பணிபுரியும் வைபவம் ஒன்றில் முதியோர் அமர்ந்திருக்கும் வரிசையில் நின்று கேட்பதே தகுந்த சோதனை. இரண்டாவதாக, என்னென்ன பாடல்கள் உண்டு என்பதோடு, எவ்வேளையில் எதனைத் தவிர்ப்பார் என்பதையும் வினவுதல் வேண்டும். தவிர்க்கத் தெரியாதவருக்குத் தெரியவும் தெரியாது. மூன்றாவதாக, அவரது பாடற் செல்வம் ஒரு தலைமுறைக்குள் அடங்கியதா என நோக்குதல் வேண்டும். எழுபது வயதினர் வானொலியிற் கேட்டவையும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வளர்த்த ஈழத்துப் பொப்பிசையும், புலம்பெயர் இளைஞர் விரும்பும் புதியவையும் அவர் கைவசம் இருத்தல் நன்று. நான்காவதாக, பந்தி வேளையிலும் வாழ்த்து வேளையிலும் ஒலியைத் தணிப்பதற்கும், மேளக்காரருக்கென வரவேற்பிலும் ஒரு பொழுதை ஒதுக்குவதற்கும் அவர் இசைவாரா என்பதை அச்சாரம் கொடுக்கும் முன்னரே பேசித் தீர்த்தல் வேண்டும். ஐந்தாவதாக, ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையைவிட அவை வைக்கப்படும் இடம் முக்கியமானது. ஆடுவோர் நிற்கும் இடத்தில் ஒலி செறிந்தும் அமர்ந்திருப்போர் பக்கம் தணிந்தும் இருக்க அமைக்கத் தெரிந்தவர், குறைந்த கருவிகளைக் கொண்டே நிறைந்த பயன் தருவார்.

பொறுப்பு முழுவதையும் டீ.ஜே. மீது சுமத்துதலும் நீதியன்று. கூட்டு, இன்னும் கூட்டு என்று கேட்பவர் மணவீட்டாரே. இலட்சக்கணக்கான ரூபா செலவிட்டதை ஊர் அறியவேண்டும் என்ற ஆவல் அன்று மரக்கிளையிற் கட்டிய ஒலிபெருக்கியிலும் இருந்தது. இன்று கருவிகளின் ஆற்றல் பெருகிய அளவுக்கு அதன் தீங்கும் பெருகியுள்ளது. கூலிக்கு வந்த கலைஞன் கூலி கொடுப்பவனின் சுவையை மீறி நெடுந்தூரம் செல்ல இயலாது. மேளக்காரரைப் பந்தியில் வேறாக இருத்திய அதே மனப்பாங்கு, டீ.ஜே.யை வாடகைப் பொருளாக மட்டும் கருதும் வழக்கத்தில் வேறு வடிவிலே தொடர்கின்றது. அவரோடு அமர்ந்து, வருவோர் யார், எந்நாட்டிலிருந்து வருகின்றனர், யார் யாரைப் பல்லாண்டுகளின் பின் காணவிருக்கின்றனர் என எடுத்துரைக்கும் குடும்பம் அவரைக் கலைஞராக மதிக்கின்றது. அவ்வாறு மதிக்கப்படாதவரிடம் கலையை எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்து மணவீட்டில் மேளமும் ஒலிபெருக்கியும் டீ.ஜே.யும் ஒன்றையொன்று அழித்து வந்தவை எனக் கொள்ளவேண்டியதில்லை. மூன்றுக்கும் பொதுவான பணி கூடியிருப்போரை ஓர் அவையாக்குதல். அப்பணியை ஆற்றும் டீ.ஜே. தெட்சணாமூர்த்தியின் தவில் கேட்ட முதியவரையும் ரொறன்ரோவிற் பிறந்த அவரது பேத்தியையும் ஒரு பாடலுக்கேனும் ஒன்றாக எழச் செய்வார். அதன்பின் ஒலியைத் தணித்து, அவர்கள் அமர்ந்து பேசுவதற்கு விடுவார்.